டம்மியா, இரண்டும் இழுப்பதா, ஹப் ரிடக்‌ஷனா: லாரிக்கு எந்தப் பின் ஆக்சில்?

"ஏனுங்ணா, பத்து சக்கர வண்டி ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கறனுங்க. டம்மி ஆக்சில் வண்டி எடுக்கறதுங்களா, ரெண்டும் இழுக்கற வண்டி எடுக்கறதுங்களா?"

சங்ககிரியிலிருந்து ஒரு தம்பி கேட்டது இது. பின்னால் உள்ள இரண்டு ஆக்சிலில் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) ஒன்று மட்டும் இழுத்து, மற்றது சும்மா உருண்டால் அது டம்மி வண்டி. கிட்டத்தட்ட இதே கேள்வியைத் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருப்பவரும், கரூர்ப் பக்கம் கிரஷருக்கு டிப்பர் ஓட்டுபவரும் கேட்டிருக்கிறார்கள். மூன்று பேருக்கும் ஒரே பதில் சொன்னால் இரண்டு பேருக்கு நஷ்டம்.

வண்டி எடுக்கப் போகும்போது எஞ்சின் பவர், கேபின், மைலேஜ், மாதத் தவணை என்று எல்லாம் விசாரிக்கிறோம். குனிந்து பின் ஆக்சிலைப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் டயர் தேய்வது, டீசல் குடிப்பது, ஏற்றத்தில் திணறுவது, சேற்றில் மாட்டுவது, எல்லாவற்றிலும் அந்த ஆக்சிலுக்குப் பங்கு உண்டு. தெரிந்தே தேர்வு செய்யலாம் என்பதற்காக விரிவாக எழுதுகிறேன். முட்டை லோடு மட்டும் ஓட்டும் நாமக்கல்காரர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. இடம் நிறையும், எடை நிறையாது. ஆறு சக்கர வண்டியும் ஒற்றை ஆக்சிலும் அவர்களுக்குப் போதும்.

## எதை வைத்து முடிவு செய்வது?

முதல் கேள்வி: முழு லோடோடு வண்டி எந்த மோசமான இடத்தில் நின்று கிளம்ப வேண்டும்? ஓடுகிற இடத்தைச் சொல்லவில்லை, கிளம்புகிற இடத்தைச் சொல்கிறேன். தார் ரோட்டில் 300 கிலோமீட்டர் ஓடும் வண்டியும் குவாரிக் குழிக்குள் 200 மீட்டர் இறங்க வேண்டியிருந்தால், அந்த 200 மீட்டர்தான் ஆக்சிலை முடிவு செய்யும்.

இரண்டாவது, வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர். அதிகம் ஓடும் வண்டிக்கு டீசலும் டயரும் பெரிய செலவு. குறைவாக ஓடிக் கடுமையாக உழைக்கும் வண்டிக்கு உடைசல்தான் பெரிய செலவு.

மூன்றாவது, சட்டப்படி எவ்வளவு ஏற்றலாம். 2018 ஜூலையில் மத்திய அரசு வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 ஆனது. ஜோடி ஆக்சிலுக்கு, அதாவது டேன்டத்துக்கு, 19 டன் 21 ஆனது. பத்து சக்கர வண்டியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன். இரண்டு ஆக்சிலும் இழுத்தாலும் சரி, ஒன்று சும்மா உருண்டாலும் சரி, டேன்டத்துக்கு அதே 21 டன்தான். அதனால் வண்டியின் சொந்த எடை கூடினால் லோடு குறையும்.

அப்புறம், பழுதானால் யார் பார்ப்பார்கள், சாமான் எங்கே கிடைக்கும், வண்டி எத்தனை நாள் நிற்கும் என்பது.

## உள்ளே என்ன நடக்கிறது?

கியர் பாக்ஸிலிருந்து வரும் புரொப்பல்லர் ஷாஃப்டின் முனையில் சின்னப் பல்சக்கரம், அது பினியன். அது பெரிய பல்சக்கரமான கிரவுனைச் சுற்றுகிறது. இந்த இடத்தில் இரண்டு வேலை நடக்கிறது: சுழற்சி குறுக்கே திரும்புகிறது, வேகம் குறைந்து இழுவை கூடுகிறது. இன்றைய லாரிகளில் பெரும்பாலும் ஹைபாய்டு வகைதான். அதில் பினியன், கிரவுனின் நடு அச்சுக்கு நேராக இல்லாமல் சற்று விலகி இருக்கும். பற்கள் நீளமாக உட்கார்வதால் பலம் அதிகம், சத்தம் குறைவு. ஆனால் பல் மேல் பல் வழுக்கித் தேய்த்துக்கொண்டே சுற்றும். அதனால்தான் ஜிஎல்-5 தரத்து ஆயில் கட்டாயம். கையில் கிடைத்த கியர் ஆயிலை ஊற்றினால் பற்கள் உரிந்துவிடும்.

கிரவுனுக்குள் இருப்பது டிஃபரன்ஷியல். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், அதற்கு இது இடம் கொடுக்கிறது. இதன் குணம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இரண்டு பக்கத்துக்கும் சம விசையைத்தான் கொடுக்கும். இடது சக்கரம் சேற்றில் சும்மா சுற்றினால், அந்தச் சேறு தாங்கும் அளவு விசைதான் வலது சக்கரத்துக்கும். வலது சக்கரம் கல் மேல் நின்றாலும் வண்டி நகராது. டிஃபரன்ஷியல் லாக் போட்டால் இரண்டும் ஒன்றாகச் சுற்றும், வண்டி வெளியே வரும்.

லாரி ஆக்சில் எல்லாம் ஃபுல் ஃப்ளோட்டிங் வகை. எடையை ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங் குழாயும், சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பின் பேரிங்கும் தாங்கும். ஆக்சில் ஷாஃப்டுக்குச் சுற்றுவது மட்டுமே வேலை. லோடோடு நிற்கும் வண்டியில், சக்கரத்தைக் கழற்றாமலே ஷாஃப்டை உருவ முடிவது இதனால்தான். பழுதான வண்டியைக் கட்டி இழுக்கும் முன் ஷாஃப்டை உருவச் சொல்வதும் உண்டு, இல்லாவிட்டால் ஆயில் ஏறாத கியர் பாக்ஸ் சுற்றிச் சுற்றிக் கெட்டுவிடும்.

## ஒன்று இழுக்க, ஒன்று உருள: டம்மி மற்றும் லிஃப்ட் ஆக்சில்

பத்து சக்கரத்தில் பின்னால் இரண்டு ஆக்சில். ஒன்றுக்கு மட்டும் கிரவுன் பினியன் உண்டு, மற்றது எடை தாங்க மட்டும். ஜோடி டயரை ஒரு சக்கரமாக எண்ணி, ஆறில் இரண்டு இழுப்பதால் கணக்கில் இதை 6×2 என்பார்கள். நான்கும் இழுத்தால் 6×4.

நம்ம பக்கத்து லைன் வண்டிக்கு, அதாவது சங்ககிரி சிமெண்ட், ஈரோட்டு மஞ்சள், திருப்பூர்ச் சரக்கு என்று நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டிக்கு, என் முதல் ஓட்டு இதற்குத்தான். கழற்றிப் பார்க்க வேண்டிய சாமான் குறைவு, எடை குறைவு, ஆயில் குறைவு. சங்ககிரி, நாமக்கல் பட்டறைகளில் கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்ப்பார்கள்.

"மலை ஏறுமா?" என்பதுதான் எல்லோருக்கும் பயம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 28.5 டன் வண்டியில் இழுக்கும் ஆக்சில் மேல் 10.5 டன். காய்ந்த தார் ரோட்டில் டயரின் பிடி, மேலே உள்ள எடையில் பத்தில் ஆறு பங்கு என்று வைத்தால் 6.3 டன் இழுவை கிடைக்கும். உருளும் தடையைக் கழித்தாலும் 100 மீட்டருக்கு 20 மீட்டர் ஏற்றத்தை ஏறப் போதும். மலைச்சாலைகளைப் பொதுவாக 100க்கு 5 முதல் 7 வரைதான் அமைக்கிறார்கள். தொப்பூரானாலும், 27 கொண்டை ஊசி வளைவு உள்ள திம்பம் ஆனாலும், தாரில் வண்டி திணறினால் அதற்குக் காரணம் எஞ்சினோ கியரோ ஆக்சில் விகிதமோதான். டயர் பிடிக்காமல் போவதில்லை. மலைக்காகவே 6×4 வாங்குவது வீண் செலவு என்று நான் சொல்வது இதனால்தான்.

அதே வண்டி ஈரக் களிமண்ணில் நின்றால் கதை மாறும். பிடி, மேலே உள்ள எடையில் கால் பங்காகக் குறைந்தால் இழுவை 2.6 டன். மெத்தென்ற மண்ணில் 28.5 டன்னை உருட்டவே 1.7 டன் போய்விடும். மிச்சத்தில் 100க்கு 3 ஏற்றம் வந்தாலே நின்று சுற்றும்.

லிஃப்ட் ஆக்சில் என்றால் காலி வண்டியில் டம்மியை ஏர் பெல்லோவால், அதாவது காற்றுப் பையால், தூக்கிவிடலாம். திரும்பி வரும்போது லோடு கிடைக்காத வண்டிக்கு டயர் நன்றாக மிஞ்சும். வளைவில் இரண்டு ஜோடி டயரும் ஒன்றையொன்று இழுத்துத் தேய்வதும் குறையும். மறைந்த செலவு இரண்டு இடத்தில். பெல்லோ, வால்வு, காற்றுக்குழாய் கசிந்தால் அது தனி வேலை. இரண்டாவது, லோடு இருக்கும்போதே தூக்கி ஓட்டும் பழக்கம். 11.5 டன்னுக்கு அனுமதித்த ஆக்சில் மேல் 20 டன்னுக்குப் பக்கமாக உட்காரும். அதில் பேரிங்கும் பட்டையும் போவது மட்டும் இல்லை, பிரேக் பிடிக்கும் சக்கரமும் குறைகிறது. டிரைவரிடம் இதை வாங்கிய முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

தூக்க முடியாத டம்மி வண்டியில் இன்னொரு தொல்லை: மேட்டில் டம்மி ஏறி நின்றால் இழுக்கும் ஆக்சில் மேல் எடை குறைந்து சக்கரம் சும்மா சுற்றும். லோடு இறக்கும் குடோன் வாசல்களைப் போய்ப் பார்த்துவிட்டு எடுங்கள்.

## இரண்டும் இழுக்கும் 6×4

புரொப்பல்லர் ஷாஃப்ட் முதல் ஆக்சிலுக்கு வந்து, அதை ஊடுருவிப் பின்னாலும் போகிறது. முதல் ஆக்சிலின் முகப்பில் நடு டிஃபரன்ஷியல் எனும் மூன்றாவது டிஃபரன்ஷியல் ஒன்று இருக்கும், விசையை இரண்டு ஆக்சிலுக்கும் பிரிக்க. 21 டன்னும் இழுவைக்கு வருகிறது. மேலே போட்ட களிமண் கணக்கையே எடுத்தால், 100க்கு 3 என்று இருந்தது 12 ஆகிறது. வித்தியாசம் அவ்வளவு.

இதில் பலர் தவறவிடும் விஷயம்: லாக் இல்லாமல் 6×4 வண்டியும் ஒரே சக்கரத்தால் நின்றுவிடும். நான்கு பக்கத்தில் ஒரு பக்கம் வழுக்கினாலும் மூன்று டிஃபரன்ஷியலும் சேர்ந்து விசையை அங்கேயே தணித்துவிடும். ஆக்சில்களுக்கு இடையிலான லாக் இருக்கிறதா, ஒவ்வொரு ஆக்சிலிலும் குறுக்கு லாக் இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். போடுவதானால் சக்கரம் சுற்றத் தொடங்கும் முன், வண்டி நிற்கும்போதோ மெதுவாக ஊரும்போதோ போட வேண்டும். கெட்டித் தரைக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். லாக்கோடு கொண்டை ஊசி வளைவில் திருப்பினால் முறுக்கேறி ஷாஃப்டோ பல்லோ உடையும்.

மறைந்த செலவுகள் இங்கேதான் அதிகம். வண்டி எடை கூடுகிறது. வித்தியாசம் 500 கிலோ என்றே வையுங்கள், மாதம் 10 நடை ஓடினால் வருடத்துக்கு 60 டன் லோடு விட்டுப்போகிறது. டன்னுக்கு என்ன வாடகை வாங்குகிறீர்களோ அதால் பெருக்கிக்கொள்ளுங்கள். டீசலும் கொஞ்சம் கூடும். அப்புறம் டயர். எட்டு டயரும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். முன் ஆக்சிலில் புது டயர், பின் ஆக்சிலில் தேய்ந்த ரீட்ரேட் (பழைய டயரில் புது ரப்பர் ஒட்டியது) என்று கலந்து போட்டால் நடு டிஃபரன்ஷியல் ஓய்வே இல்லாமல் சுற்றித் தேயும். ரீட்ரேட் கலந்து ஓட்டுவது நம் ஊரில் சாதாரணம், ஆகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

ரிக் வண்டிக்கு இது சரியான ஆக்சில். துளையிடும் எந்திரமும் கம்ப்ரஸரும் நிரந்தரமாக மேலேயே இருப்பதால் ரிக் எப்போதும் முழு லோடு வண்டிதான். லிஃப்ட் ஆக்சிலால் பலன் இல்லை. உழுத காட்டுக்குள் இறங்கி ஏற வேண்டும். அதே சமயம் வட மாநிலம் வரை ரோட்டிலும் ஓட வேண்டும்.

## ஹப் ரிடக்‌ஷன்

சாதாரண ஆக்சிலில் குறைக்கும் வேலை முழுவதும் கிரவுன் பினியனில் நடக்கிறது. இதில் பாதி வேலை அங்கே, மீதி ஒவ்வொரு சக்கரத்தின் ஹப்புக்குள்ளும் இருக்கும் பல்சக்கரக் கூட்டத்தில். ஹப்பில் 3.5 மடங்கு குறைகிறது என்றால், ஆக்சில் ஷாஃப்ட் தாங்கும் முறுக்கு மூன்றரையில் ஒரு பங்குதான். கிரவுனுக்கும் அதே ஆறுதல். குழியிலிருந்து ஏறும்போது கிளட்சைச் சட்டென்று விட்டாலும் ஷாஃப்ட் எளிதில் முறியாது. நடு ஹவுசிங் சிறிதாவதால் கல்லில் இடிபடுவதும் குறையும்.

குவாரி, எம்-சாண்ட், ஜல்லி டிப்பருக்கு யோசிக்காமல் இதை எடுக்கலாம். ரோட்டு வண்டிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பல் கூடக்கூட உராய்வும் சூடும் கூடும். ஒவ்வொரு ஹப்புக்கும் தனியாக ஆயில் பார்க்க வேண்டும். சீல் கசிந்தால் நேராக பிரேக் டிரம்முக்குள் போகும்.

எங்கள் மச்சான் ஒருவர் குவாரியில் ஓடிய டிப்பரை விலை மலிவு என்று வாங்கி, பாடியை மாற்றி, வாளையார் வழியாகப் பாலக்காட்டுக்கு சிமெண்ட் ஓட்டினார். மொத்த விகிதம் 7.2, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற புரொப்பல்லர் ஷாஃப்ட் 7.2 சுற்று சுற்ற வேண்டும். டாப் கியரில் 60 தொட்டால் எஞ்சின் 2,250 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) கத்தும். பெருந்துறை தாண்டுவதற்குள் காது அடைத்துவிடும் என்பார். ஒன்றரை வருடம் டீசலுக்கு உழைத்துவிட்டு, மறுபடி ஒரு கிரஷர்காரருக்கே விற்றார். வண்டியில் குறையே இல்லை. வாங்கியவர் இப்போதும் சந்தோஷமாக ஓட்டுகிறார்.

| | 6×2 டம்மி / லிஃப்ட் | 6×4 ஹைபாய்டு | 6×4 ஹப் ரிடக்‌ஷன் |
|---|---|---|---|
| இழுவைக்கு வரும் எடை | 10.5 டன் பக்கம் | 21 டன் | 21 டன் |
| தார் ரோடு, மலை | போதும் | தேவைக்கு மேல் | தேவைக்கு மேல், மெதுவு |
| சேறு, குழி | திணறும் | லாக் இருந்தால் நன்று | மிக நன்று |
| டீசல் | குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| டயர் | லிஃப்ட் இருந்தால் மிச்சம் | எட்டும் ஒரே உயரம் வேண்டும் | எட்டும் ஒரே உயரம் வேண்டும் |
| மறைந்த செலவு | பெல்லோ, வால்வு | லோடு இழப்பு, நடு டிஃபரன்ஷியல் | ஹப் ஆயில், சீல் |
| யாருக்கு | லைன் வண்டி | ரிக், கலப்பு வேலை | குவாரி டிப்பர் |

## வகையைவிட முக்கியம், பல் எண்ணிக்கை

ஒரே வகை ஆக்சிலிலும் கிரவுன் பினியன் பல் எண்ணிக்கை மாறும். பட்டறையில் "ஏழுக்கு நாப்பத்தொண்ணு", "ஆறுக்கு நாப்பத்தொண்ணு" என்பது இதைத்தான். 41ஐ 7ஆல் வகுத்தால் 5.86, 6ஆல் வகுத்தால் 6.83. 37ஐ 7ஆல் வகுத்தால் 5.29.

10.00-20 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 3.2 மீட்டர் ஓடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 312 சுற்று. எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும் நேரடி டாப் கியரில் எஞ்சின் ஆர்பிஎம், 5.29 ஆக்சிலில் 1,650, 5.86இல் 1,830, 6.83இல் 2,130. எஞ்சினைவிட ஷாஃப்டை வேகமாகச் சுற்றும் ஓவர்டிரைவ் கியர் இருந்தால் இதைவிடக் குறையும். கேஸ் டேங்கர் போன்ற வண்டிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 60இல் பூட்டியிருக்கும், அந்த வேகத்தில் எஞ்சின் எந்த ஆர்பிஎம்மில் நிற்கிறது என்று பார்த்து எடுத்தால் டீசல் கட்டுப்படும். எண் பெரிதானால் இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் எந்த விகிதமானாலும் தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் அந்த உதவி முழுக்கப் போய்விடும். தயவுசெய்து டீசலுக்காக அதைச் செய்யாதீர்கள்.

பழைய வண்டி வாங்கும்போது விகிதத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு ஆக்சில் மட்டும் இழுக்கும் வண்டியில், சமதளத்தில் மற்றச் சக்கரங்களுக்கெல்லாம் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, பிரேக்கை விடுவியுங்கள். வண்டிக்கு அடியில் போக வேண்டாம். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றி, ஷாஃப்டில் போட்ட சுண்ணாம்புக் கோடு எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். ஆறுக்குக் கொஞ்சம் குறைந்தால் 5.86, ஏழுக்குக் கொஞ்சம் குறைந்தால் 6.83.

ஓட்டிப் பார்க்கும்போது காதைக் கொடுங்கள். ஆக்சிலேட்டர் மிதிக்கையில் ஊளையிட்டால் கிரவுன் பினியன். திரும்பும்போது மட்டும் சத்தம் வந்தால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரமான ஸ்டார் பினியன். கிரவுனையும் பினியனையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்றோடு ஒன்று தேய்த்துப் பொருத்தி வருபவை அவை. "பினியன் மட்டும் போதும்" என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஒரு சின்னப் பொருளையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வண்டியில் ஹப் சீல் தொடர்ந்து கசிந்தது. ஒரு பட்டறையில் மூன்று முறை சீல் மாற்றினார்கள், மூன்று முறையும் பிரேக் லைனர் ஆயிலில் ஊறியது. நான்காவது முறை வேறொரு வயதான மிஸ்திரி சக்கரத்தையே தொடவில்லை. ஹவுசிங் மேலே விரல் நுனி அளவு ஒரு மூடி இருந்தது, பிரீத்தர். அதில் செம்மண் கெட்டியாக அடைத்திருந்தது. கம்பியால் குத்தி, வாயால் ஊதிப் பார்த்தார். சூடான ஆக்சிலுக்குள் காற்று விரிந்து வெளியேற வழி இல்லாமல் சீலைத் தள்ளியிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு சொட்டு கசியவில்லை.

## கேட்டவர்களுக்குச் சொன்னது

கரூர் டிப்பர்காரருக்கு ஹப் ரிடக்‌ஷன். திருச்செங்கோட்டு ரிக்குக்கு லாக் உள்ள 6×4 ஹைபாய்டு.

சங்ககிரித் தம்பியிடம் கொஞ்ச நேரம் பேச வேண்டியிருந்தது. வாரத்தில் ஐந்து நாள் கேரளாவுக்கு சிமெண்ட், ஒரு நாள் மட்டும் கிரஷர் லோடு. அந்த ஒரு நாளுக்காகத்தான் 6×4 மேல் கண் வைத்திருந்தார். கிரஷரில் லோடு ஏற்றும் இடம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். கான்கிரீட் தளமாம், குழிக்குள் இறங்குவது அவர்களுடைய சொந்த டிப்பர்கள்தானாம். அப்படியானால் லிஃப்ட் ஆக்சில் வண்டியையே எடுங்கள், டிஃபரன்ஷியல் லாக் உள்ளதாகப் பாருங்கள், மழைக்காலத்தில் ஏற்றும் இடத்துக்குப் போகும் வழியை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். "சரிங்ணா, ஞாயித்துக்கெழமை போய்ப் பாத்துப்போட்டுச் சொல்றனுங்க" என்று வைத்தார்.